ஒரே கம்பியில் இரண்டு எண்கள்

பழவேற்காட்டில் நான் வேலை பார்த்த நாட்களில், இரண்டு தொலைபேசிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டதால் ஒருவருக்குக் கண் போனது. இன்னொருவருக்குக் கை விளங்காமல் போனது. என் லைன்மேனுக்கு முன்பற்கள் போயின. மூன்றும் ஒரே காலையில் நடந்தன. மூன்றையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எனக்குச் சொந்த ஊர் ஆரம்பாக்கம். தொலைபேசி இலாகாவில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, எண்பதுகளின் தொடக்கத்தில் பழவேற்காட்டுக்கு மாற்றலாகி வந்தேன். ஏரிக்கு அந்தப் பக்கம் பிறந்தவன் இந்தப் பக்கம் வந்ததுதான். ஆனாலும் பஸ் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும் என்பதால் அங்கேயே தங்கிவிட்டேன். எக்ஸ்சேஞ்ச் இருந்தது ஒரு முஸ்லிம் பாயின் பழைய வீட்டு முன்கட்டில். ஒரு இரும்பு அலமாரி, அதற்குள் வரிசையாக ரிலேக்கள், பின்னறையில் பேட்டரிகள். இருபத்தைந்து இணைப்புகளுக்குமேல் அது தாங்காது. யாராவது வீட்டில் ரிசீவரை எடுத்தால் அலமாரியில் அவருக்கு உரிய ரிலே 'டக்'கென்று விழும். உடனே ஒரு செலக்டர் எழுந்து அவர் சுழற்றும் எண்ணைத் தேடி நகரும். மெட்ராஸுக்குப் பேசவேண்டுமானால் பொன்னேரி வழியாகத்தான்.

அந்த அலமாரியில் அடிப்படை விதி ஒன்றே ஒன்று. ஒரு எண்ணுக்கு ஓர் இடம். ஓர் இடத்தில் ஒரு வீடு. ஒரே இடத்தில் இரண்டு வீடுகள் உட்கார்ந்தால் இரண்டுமே ஒழுங்காகப் பேச முடியாது.

பதினேழாம் எண் இறால் வாங்கி விற்கிற எறா ஏஜென்டுடையது. ஏரிக்கரையில் படகுகள் ஒதுங்கும் ரேவுக்கு மேலே அவருடைய கிடங்கு இருந்தது. அது முன்பு ஓர் உப்பு வியாபாரியின் அலுவலகம். சுற்றுப்பட்டுக் குப்பங்களில் பிடிபடும் இறால் முழுவதும் வருஷக்கணக்காக அவருடைய தராசில்தான் ஏறியது. அவர் சொன்னதுதான் எடை, அவர் சொன்னதுதான் ரேட்.

இருபத்தொன்றாம் எண் புதுசு. கிடங்குக்கு அப்பால், ஏரியோரம் போனால் வருகிற ஒரு குப்பத்து மீனவர் சங்கத்துக்குக் கொடுத்தது. சங்கத்தின் செயலாளர் என் வயதுக்காரர், எட்டாவது வரை படித்தவர். மெட்ராஸில் ஒரு கம்பெனியை அவரே போய்ப் பிடித்து, ஐஸ் பெட்டி வாங்கி, வேன் பேசி, சங்கத்துக்கு டெலிபோனும் வாங்கிவிட்டார். அந்த மணி அடிக்கத் தொடங்கியதிலிருந்து ஏஜென்டின் தராசுக்கு வரும் கூடைகள் குறைந்தன. ரேவில் வாய்ச்சண்டை வந்தது. ஒரு நாள் சங்கத்து ஐஸ் பெட்டியை யாரோ கோடாலியால் பிளந்து போட்டிருந்தார்கள். மறுவாரம் ஏஜென்டின் வேன் கண்ணாடி உடைந்தது. யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் தெரிந்த மாதிரி இருந்தார்கள்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் மாலை, அலமாரியின் முன்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வழக்கத்தில் இல்லாத ஒன்றைப் பார்த்தேன். ஒரே நேரத்தில் இரண்டு ரிலேக்கள் விழுந்தன. பதினேழும் இருபத்தொன்றும். இரண்டு செலக்டர்கள் எழுந்து, இரட்டை மாடுகளைப்போல ஒரே எண்ணை நோக்கி ஒன்றாக நடந்தன. முதலில் போனது இடத்தைப் பிடித்தது. பின்னால் போனது முட்டி நின்று எங்கேஜ் டோன் கொடுத்தது. இரண்டு பேர் தற்செயலாக ஒரே நொடியில் ஒரே எண்ணைச் சுழற்ற முடியாது. சற்று நேரம் கழித்து மறுபடியும் அதே மாதிரி.

லைன்மேனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். யாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னா நைனா இது, புருசன் பொண்டாட்டி மாதிரி ஜோடியா போவுது!" என்றார்.

"ரெண்டு லைனும் எங்கேயோ சேர்ந்திருக்குண்ணே. ரெண்டு எடத்துலயும் போய்க் கேட்டுட்டு வாங்க, போன் ஒழுங்கா இருக்கான்னு."

சைக்கிளில் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பினார். இரண்டு இடத்திலும் ஒரே பதில். எல்லாம் நல்லா இருக்கு, ஒரு கம்ப்ளெயின்டும் இல்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்படிச் சேர்ந்திருந்தால் ஒருவருக்கு மணி அடிக்கும்போது இன்னொருவருக்கும் அடிக்கும். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும். நடுவில் எங்கேஜ் டோன் இரையும். இது எப்படி நல்லா இருக்கும்?

நல்லாத்தான் இருந்திருக்கிறது. சங்கத்துக்கு மெட்ராஸ் கம்பெனி என்ன ரேட் சொல்கிறது என்பதை ஏஜென்ட் தினமும் ரிசீவரை எடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார். ஏஜென்டின் வேன் எப்போது வருகிறது, எத்தனை கூடை கேட்கிறார்கள் என்பதைச் சங்கத்தில் கேட்டிருக்கிறார்கள். எதிரியின் வீட்டுக்குள் தனக்கு ஒரு காது இருக்கிறது என்று இரண்டு பேரும் நினைத்திருக்கிறார்கள். தன் வீட்டிலும் ஒரு காது இருக்கிறது என்று அதுவரை இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. புகார் கொடுத்தால் அது போய்விடுமே.

மறுநாள் காலையில் கம்பங்களைப் பார்த்துவிடுவோம் என்று நானும் லைன்மேனும் சோதனை போனோடு கிளம்பினோம். வெயில் ஏறவில்லை. ரேவை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. ஏலம் போடுகிற சத்தம் என்று நினைத்தேன். அது அலறல்.

ரேவுக்கும் கிடங்குக்கும் நடுவில் இரண்டு கூட்டங்கள் ஒன்றை ஒன்று பிய்த்துக்கொண்டிருந்தன. குப்பத்து ஆட்கள் படகிலிருந்து இறங்கிய ஈரத்தோடு, படகு தள்ளும் நீளக் கழிகளை இரண்டு கையாலும் பிடித்து வீசிக்கொண்டிருந்தார்கள். எதிரில் நான் அதுவரை பார்த்திராத ஆட்கள் சிலர், கையில் கொடுவாளும் பெரிய ரம்பமும் வைத்துக்கொண்டு சுவரோடு ஒடுங்கி நின்றார்கள். கூடைகள் கவிழ்ந்து இறால் மணலெல்லாம் சிதறிக் கிடந்தது. அதன்மேல் மிதித்துக்கொண்டே அடித்தார்கள். ஒருவர் முதுகில் கழி விழுந்த சத்தம் ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி கேட்டது.

"வலையை அறுக்க ஆள் கூட்டியாந்தியா? யார் வலைடா அறுப்பீங்க?" என்று கத்திக்கொண்டே வந்தார்கள்.

ஏஜென்டிடம் எடை போடுகிறவர் ஒருவர் உண்டு. ஏரியில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். அதிர்ந்து பேசாதவர். தராசின் பக்கத்தில் நின்றிருந்த அவர் இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தார்.

"யப்பா, நில்லுங்கப்பா! சவுக்கு மரம் அறுக்க வந்தவங்கப்பா இவங்க. பின்னாடி தோப்பு..."

அவர் சொன்னது உண்மை. முடிக்குமுன் கழியின் நுனி அவர் இடது கண்ணில் இறங்கியது. அவர் கத்தவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். விரல்களுக்கு நடுவிலிருந்து வந்தது ரத்தம் மட்டுமில்லை. அதற்குமேல் நான் பார்க்கவில்லை.

அதைப் பார்த்து மிரண்ட மரவெட்டி ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு கொடுவாளை வீசினான். செயலாளரின் தம்பி முன்னால் நின்றான். முழங்கைக்குக் கீழே வெட்டு விழுந்து, எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அவன் தன் கையையே வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு விழுந்தான்.

அப்போது யாரோ எங்களைப் பார்த்துவிட்டார்கள். "தோ, லைன்காரனுங்க! இவனுங்கதான் லைனை அவங்கிட்ட சேத்து வுட்டது!"

நான் ஓடியிருக்கலாம். சோதனை போனை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். லைன்மேன் எனக்கு முன்னால் வந்து, "நைனா, சார் புதுசு நைனா, அவருக்கு ஒண்ணும்..." என்று தொடங்கினார். கழியின் அடிப்பக்கம் அவர் வாயில் பட்டது. துப்பினார். மணலில் பற்கள் விழுந்தன. எனக்கு விழுந்தது காதோடு சேர்த்து ஓர் அறை மட்டும். அந்த நாள் முழுக்க அந்தக் காதில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

காயம்பட்ட இருவரையும் ஏஜென்டின் வேனிலேயே ஏற்றினார்கள். ஓட்டமாட்டேன் என்ற டிரைவரின் கழுத்தில், மரவெட்டியிடமிருந்து பிடுங்கிய கொடுவாளை வைத்தார்கள். வெட்டுப்பட்டவனும் கண் போனவரும் ஒரே வேனில், ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்தபடி பொன்னேரிக்குப் போனார்கள். எங்களைக் குப்பத்து ஆட்கள் எக்ஸ்சேஞ்சுக்கு இழுத்து வந்தார்கள்.

செயலாளரின் சட்டையில் தம்பியின் ரத்தம் காயாமல் இருந்தது. அலமாரியின் முன்னால் கழியை ஊன்றி நின்றார்.

"இன்னா சார், நேத்து இவரு வந்து போனை விசாரிச்சிட்டுப் போனப்பவே சந்தேகம் வந்துச்சு. எங்க லைனை அவனுக்குக் குடுக்கச் சொல்லி யாரு சொன்னா?"

"யாரும் குடுக்கலை. நீங்க அவர் பேசினதைக் கேட்டீங்களா இல்லையா?"

"கேட்டோம். நேத்து ராத்திரி அவனே சொன்னான். நாளைக்கு ஆளுங்க வந்துடுவாங்க, ஒண்ணு வுடாம அறுத்துடுன்னு. எங்காதால கேட்டேன்."

"அது உங்க காதுக்கு எப்படி வந்துச்சு? அதே வழியாத்தான் உங்க பேச்சு அவருக்குப் போச்சு."

 அவர் பின்னால் நின்ற ஒருவன் அலமாரியின் கண்ணாடிக் கதவை உடைத்தான். சில்லு ரிலேக்களுக்குள் விழுந்தது. "இந்த மிஷினையே கொளுத்திடலாம்ணா" என்றான்.

"கொளுத்தினா யார் சேத்ததுன்னு எப்பவும் தெரியாது," என்றேன்.  "நான் கண்டுபிடிக்கிறேன். நீங்களே கூட நின்னு பாருங்க."

செயலாளர் கழியைக் கீழே போடாமல் தலையை மட்டும் அசைத்தார்.

முதலில், தவறு அலமாரிக்குள் இருக்கிறதா வெளியில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வெளிக்கம்பிகள் வந்து சேரும் சட்டத்தில் பதினேழின் ஃப்யூஸைப் பிடுங்கினேன். இனி கிடங்கின் போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து மின்சாரம் போகாது. அது செத்துப்போக வேண்டும். கிடங்கில் யாராவது ரிசீவரை எடுக்கச் சொல்லி ஓர் ஆளைச் சைக்கிளில் அனுப்பினார்கள். அவன் போய்ச் சேரும் வரை எல்லோரும் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லைன்மேன் ஒரு மூலையில் வாயில் துணியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

'டக்.' விழுந்தது இருபத்தொன்றின் ரிலே.

"பாருங்க," என்றேன். "அவர் போனை எடுத்தா உங்க எடம் விழுது. இங்க ஒண்ணும் சேரலை. வெளியில, வழியில எங்கேயோ சேந்திருக்கு."

அடுத்தது, எங்கே என்பது. இரண்டு ஜோடிக் கம்பிகளும் ஒரே கம்பங்களில் கிடங்கு வரை போகின்றன. அங்கிருந்து சங்கத்துடையது மட்டும் குப்பத்துக்குப் போகிறது. கிடங்கைத் தாண்டியதும் முதல் கம்பத்தில் ஏறி, குப்பத்துப் பக்கம் போகும் கம்பியைப் பிரித்தேன். வழக்கமாக ஏறுகிறவர் லைன்மேன். அன்று அவரால் முடியாது. கீழே கழிகளோடு அவர்கள், கிடங்கு வாசலில் கொடுவாள்களோடு இவர்கள். மேலே கம்பி கட்டும் பீங்கான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நான். என்மேல் கல் எறிந்தால் எந்தப் பக்கம் குதிப்பது என்றுதான் யோசித்தேன். சோதனை போனை மாட்டிக் கேட்டேன். குப்பத்தைப் பிரித்த பிறகும் இரண்டு லைனும் சேர்ந்தேதான் இருந்தன. தவறு குப்பத்தில் இல்லை.

பிறகு கிடங்குக்குள் போகும் கம்பிகளைக் கவனித்தேன். இரண்டு கம்பிகள் போகவேண்டிய இடத்தில் நான்கு போயின. அப்போதுதான் விளங்கியது. சங்கத்துக்கு இணைப்பு கொடுத்தபோது புதுக் கம்பி இழுக்கவில்லை. உப்பு வியாபாரி காலத்தில் போட்டு, பிறகு மூடிவிட்ட ஒரு பழைய ஜோடியையே குப்பம் வரை நீட்டியிருந்தார்கள். அந்த ஜோடியின் கிளை ஒன்று இன்னும் கிடங்கின் சுவருக்குள் நுழைந்துகொண்டிருந்தது. செத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த கம்பி. அதை யாரும் எடுக்கவில்லை.

"உள்ள பாக்கணும்," என்றேன்.

ஏஜென்ட் வாசலில் நின்றார். கனத்த மனிதர், வேட்டியை மடித்துக் கட்டி, கையில் கொடுவாளோடு இருந்தார். "எவனும் உள்ள வரக்கூடாது. வந்தா தலை இருக்காது."

"நான் மட்டும் வர்றேன்."

"நீ வந்தா பின்னாடியே இவனும் வருவான்," என்று செயலாளரைக் காட்டினார். "இவன் காலை வெச்சா வெட்டுவேன்."

"வெட்டுடா!" என்று செயலாளர் கழியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறுங்கையோடு படியேறினார். ஏஜென்டின் கொடுவாள் உயர்ந்தது. அது இறங்கியிருக்கும். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தொங்கினேன். லைன்மேன் எங்கிருந்தோ வந்து மற்றக் கையைப் பிடித்தார். பல்லில்லாத வாயோடு, ரத்தம் தெறிக்க, "செவுத்தைப் பாருங்கடா! அடிச்சிக்கறதை அப்பால வெச்சிக்கோங்க!" என்று கத்தினார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் ஏஜென்டின் கை தளர்ந்தது என்று நினைக்கிறேன்.

சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. டெலிபோன் மேஜைக்கு மேலே, கம்பிகள் வந்து முடியும் சின்னக் கறுப்புப் பெட்டியும் பாதி வெள்ளையாக இருந்தது. மூடியின் திருகைக் கழற்றினேன். சுண்ணாம்புப் பொருக்கு என் கையில் உதிர்ந்தது. உள்ளே நான்கு கம்பிகளையும் இரண்டிரண்டாக அழகாகத் திரித்து, ஒவ்வொரு இரண்டையும் ஒரே திருகில் முறுக்கியிருந்தார்கள். பழுப்புக்குப் பழுப்பு, வெள்ளைக்கு வெள்ளை.

"எப்ப சுண்ணாம்பு அடிச்சீங்க?"

"போன மாசம்," என்றார் ஏஜென்ட். அவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"அடிச்சவன் பெட்டியைக் கழட்டினானா?"

அவர் யோசித்தார். "செவுத்துல ஒட்டிக்கினு கெடந்துச்சு. கழட்டிட்டு அடிச்சிட்டு மாட்டிட்டான். ரெண்டு கம்பி சும்மா தொங்குது, அதையும் சேத்து வெச்சிட்டேன்னான்."

பழைய ஜோடியைத் திருகிலிருந்து விடுவித்து, வெளியில் கம்பத்திலேயே வெட்டினேன். குப்பத்துக் கம்பியைத் திரும்ப மாட்டினேன். ஒருவரைச் சங்கத்துக்கு அனுப்பி ரிசீவரை எடுக்கச் சொன்னேன். இந்தப் பக்கத்து ரிசீவரைச் செயலாளரின் கையில் கொடுத்தேன். காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணும் கேக்கலை," என்றார்.

"இனிமே கேக்காது."

அவர் ரிசீவரை வைக்கவில்லை. ஏஜென்டைப் பார்த்தார். "மரத்தைத்தான் சொன்னியா?"

"மரத்தைத்தான்டா சொன்னேன். பின்னாடி தோப்பைப் போய்ப் பாரு." ஏஜென்டின் குரல் உடைந்தது. "நீ சொல்லலியா, இனிமே அவன் வண்டி ரேவுக்கு வரக்கூடாது, அவன் மூச்சே வரக்கூடாதுன்னு? எங்காதால கேட்டேனே. அதுக்குத்தான் கொடுவாளைப் பக்கத்துல வெச்சிக்கினு படுத்தேன்."

"மூச்சுன்னா... பேச்சுன்னு சொன்னேன். ரேட் பேசறதை."

இதற்குப் பிறகு அவர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. செயலாளர் டெலிபோனைப் பிடுங்கிச் சுவரில் அறைந்தார். அது சுக்குநூறாகப் போனது. தன் தலையையும் அதே சுவரில் முட்டிக்கொண்டார், லைன்மேன் இழுத்துப் பிடிக்கும் வரை. சுண்ணாம்பில் அவர் நெற்றியின் தடம் இருந்தது. மதியம் போலீஸ் வந்து இரண்டு பக்கத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. போகும்போதும் ஜீப்புக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். கம்பியின் கதை அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. அடிபட்டவர்களின் ஆட்களுக்கு அது போதவில்லை.

செயலாளரின் தம்பிக்குக் கையை எடுக்கவில்லை. ஆனால் விரல்கள் மடங்கவில்லை. வலை இழுக்க முடியாதவன் குப்பத்தில் என்ன செய்வான்? கொஞ்ச நாளில் மெட்ராஸுக்கு ஏதோ வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டான். சங்கத்து போனைச் செயலாளரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். மறு வருஷம் வேறு ஒருவர் செயலாளரானதும் திரும்ப வாங்கினார்கள். லைன்மேன் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். போகிற அன்று பல்செட் வைத்துச் சிரித்துக் காட்டினார். "இனிமே யாரும் ஒடைக்க முடியாது நைனா, கழட்டிப் பையில வெச்சிக்குவேன்" என்றார்.

நான் இன்னும் கொஞ்ச காலம் அங்கேயே இருந்தேன். இணைப்பு கொடுக்கப் போகிற வீட்டிலெல்லாம் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன்.

எடைக்காரருக்குக் கண் திரும்பவில்லை. புண் ஆறியதும் ஏஜென்டிடம் போகவில்லை. மனைவியோடு ஏரியில் இறங்கி, சேற்றில் கையைவிட்டு இறால் பிடிக்கத் தொடங்கிவிட்டார். ஒரு நாள் காலையில் கம்பிப் பழுது பார்த்துத் திரும்பும்போது கரையில் அவரைச் சந்தித்தேன். இடுப்புவரை நனைந்து, இறால் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறி வந்தார். இந்த வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"தடவிப் புடிக்கறதுக்குக் கண்ணு எதுக்கு சார்?" என்றார்.

கோர்ட்டில் அவர் தன்னை அடித்தவனைத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். நிஜமாகவே தெரியாதா என்று கேட்டேன்.

பறியை மணலில் வைத்தார். தண்ணீரைப் பார்த்தார். "தெரியும் சார். அவனும் இந்தத் தண்ணியிலதான் தொழில் பண்றான். என்னைப் பாத்தா படகைத் திருப்பிக்கினு போயிடறான். தெனம் போறான். நான் பேர் சொல்லிருந்தா ஜெயிலுக்குப் போயிட்டு வந்து தலை நிமிந்து நிப்பான்." ஈரக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "திருப்பிக்கினு போவட்டும். எத்தினி நாளு போறான்னு பாக்கறேன்."

சொல்லும்போது அவருடைய ஒற்றைக் கண் கலங்கவில்லை. பறியைத் தூக்கிக்கொண்டு, மனைவி நின்ற இடத்துக்கு நடந்தார்.